தண்ணித் தொட்டி பக்கத்துல யாருகிட்டடா பேசுற?

பேராண்டி, உனக்கு நெஞ்சு படபடப்பு வர்ற விஷயத்தை ஊர்ல யாருகிட்டயும் நான் சொல்லல. முதல்ல அதைக் காதுல வாங்கிக்கோ. டீக்கடையில சொல்லல, உழவர் சந்தையில சொல்லல, சந்திரசூடேஸ்வரர் மலைப்படியில மூச்சு வாங்க உட்கார்ந்திருந்த உன் மாமனார்கிட்டகூட சொல்லல. "மாப்பிள்ளை இளைச்சிட்டாரே"ன்னு அவரு கேட்டாரு. "ஜிம்முக்குப் போறான்"னு சொல்லி உன் மானத்தைக் காப்பாத்தி வெச்சிருக்கேன். நீ நிஜமாவே ஜிம்முக்குப் போய்த் தொலைஞ்சா எனக்கு ஒரு பொய் குறையும்.

உன்னை மட்டும் குத்தம் சொல்லவும் முடியாது. நம்ம ஓசூரே இப்ப நிலை கொள்ளாம நிக்குது. 1970-கள்ல சிப்காட் வந்தப்பவே பெருசுங்க "ஊரு கெட்டுது"ன்னு துண்டை உதறினாங்க. 2001 கணக்கெடுப்புல 80 ஆயிரத்துச் சொச்சம் பேரு இருந்தோம். 2011-ல லட்சத்தைத் தாண்டிட்டோம். 2019-ல நாகர்கோவிலோட சேர்த்து நம்மளையும் மாநகராட்சி ஆக்கினாங்க. வீட்டு வரி ரசீதைப் பார்த்துத்தான் நான் அதை முழுசா நம்பினேன். அப்புறம் 2024 ஜூன்ல, ஓசூர்ல 2000 ஏக்கர்ல பன்னாட்டு விமான நிலையம்னு சட்டசபையில அறிவிச்சாங்க பாரு, அன்னைக்கு ராத்திரி நம்ம பக்கம் ஒருத்தனும் தூங்கல. நிலம் வெச்சிருக்கிறவன் "எடுத்துக்குவாங்களோ"ன்னு தூங்கல. நிலம் இல்லாதவன் "அப்பவே வாங்கிப் போடாம விட்டோமே"ன்னு தூங்கல. அதுக்கு முந்தின வருஷம் வித்துட்டவன் இருக்கான் பாரு, அவன் இன்னைக்கு வரைக்கும் தூங்கல.

இந்த ஊர்ல கவலைப்படாம ஒருத்தன் இருந்தா அவனைத்தான் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போகணும்.

ஆனா ஒண்ணு கவனிச்சியா? ஊரு பெருசாகிறப்ப எதெது கூட வருது, எதெது பின்தங்கிடுதுன்னு பாரு. நீ குடியிருக்கிற பாகலூர் ரோடு அபார்ட்மெண்டுல எதிர் வீட்டுக்காரன் பேரு உனக்குத் தெரியாது. அவன் ஒடியாவா, பீகாரா, பெங்களூரு வாடகைக்குப் பயந்து இந்தப் பக்கம் வந்தவனான்னு தெரியாது. ராத்திரி உனக்கு மூச்சு முட்டினா கதவைத் தட்ட ஆள் கிடையாது. ஆனா பகல்ல நீ ஒரு மனநல டாக்டர் கிளினிக் படியேறினா, சாயங்காலத்துக்குள்ள கெலமங்கலத்துல இருக்கிற உன் சித்தி போன் பண்ணி "என்னடா கண்ணு ஆச்சு?"ன்னு அழுவா. பழைய ஊரோட வாய் மட்டும் பத்திரமா வந்து சேர்ந்துடுச்சு. தோள் குடுக்கிற ஆளு தேன்கனிக்கோட்டையிலயே நின்னுட்டான். நீ கிளினிக்குக்குப் போக மாட்டேன்னு அடம் பிடிக்கிறது அதனாலதான்னு எனக்குத் தெரியும். வெளியில "டைம் இல்ல தாத்தா"ன்னு சொல்ற. டைம் இல்லாதவன்தான் ராத்திரி ஒன்றரை மணிக்கு "இடது கை மரத்துப் போவது ஏன்"னு போன்ல தேடிக்கிட்டு இருக்கான்.

அந்தத் தேடலோட பலனா, நம்ம ஊர்ல இருக்கிற ஆஸ்பத்திரி எல்லாத்துக்கும் நீ வாடிக்கையாளர் ஆயிட்ட. முதல் தடவை ஓடினது சரிதான், அதுல நான் கேலி பேச மாட்டேன். நெஞ்சு வலிச்சா மொதல்ல இதயத்தைத்தான் பார்க்கணும். தைராய்டும் பார்க்கச் சொன்னாங்க, பார்த்தாச்சு. எல்லாம் சுத்தம். ஆனா அதுக்கப்புறமும் நீ எடுத்த ஈ.சி.ஜி. சீட்டை வரிசையா ஒட்டினா அத்திப்பள்ளி செக்போஸ்ட் வரைக்கும் போகும். உன் இதயம் நல்லாருக்குன்னு சொன்ன டாக்டருங்க மேல உனக்குத்தான் எவ்வளவு வருத்தம்! போதாததுக்குக் கையில ஒரு வாட்ச் வேற. அது நாடித்துடிப்பைக் காட்டுது, நீ பார்க்கிற, பார்த்ததும் துடிப்பு ஏறுது, ஏறினதைப் பார்த்து இன்னும் ஏறுது. என் கல்யாணத்துக்கு என் மாமனார் போட்ட கைக்கடிகாரம் மணியை மட்டும்தான் காட்டிச்சு. அதுவும் தப்பு மணி. நான் நிம்மதியா இருந்தேன்.

உன் உடம்புல என்ன நடக்குதுன்னு நான் சொல்றேன், கேளு. ராகி முத்துற காலத்துல பன்னேர்கட்டா காட்டுப் பக்கமிருந்து யானைக் கூட்டம் நம்ம தளி, ஜவளகிரிப் பக்கம் இறங்கும்ல. அப்ப கொல்லைக் காவலுக்குப் பரண்ல ஆளை உட்கார வைப்போம். ஒரு வருஷம் புதுசா ஒரு பையனை வெச்சோம். நல்ல பையன், கடமைன்னா உயிரை விடுவான். முயல் ஓடினா "யானை!"ம்பான். காத்துல கருது ஆடினா "யானை!"ம்பான். ஊரே பந்தத்தையும் பட்டாசையும் தூக்கிக்கிட்டு ஓடும். ஒரு ராத்திரி அவன் எழுப்பிவிட்டது அவனோட சொந்தக் குறட்டையைக் கேட்டு. உனக்குள்ள இருக்கிற காவல்காரன் அவன்தான். அவன் பொய் சொல்லல, கெட்டவனும் இல்ல. அவன் கத்தினதும் உன் உடம்பு ஓடுறதுக்கு ஆயத்தமாவுது. இதயம் அடிக்குது, மூச்சு வேகமாவுது, கை கால் ஜில்லுன்னு ஆகுது, தலை கிறுகிறுங்குது. யானை வந்தா இதெல்லாம் வேணும்டா. உனக்கு வந்தது மேனேஜர் அனுப்பின மெயில்.

இன்னொண்ணு. அந்தப் படபடப்பு உச்சிக்கு ஏற பத்து நிமிஷம் போதும், பெரும்பாலும் அதுக்குள்ளயே ஏறி, அப்புறம் தானா இறங்க ஆரம்பிக்கும். அது இறங்குறதை நீ ஒரு நாளும் உட்கார்ந்து பார்த்ததில்ல. அதுக்குள்ள பைக்கை எடுத்துக்கிட்டு எமர்ஜென்சி வாசல்ல நிக்கிற. அங்க அது தானா இறங்குது. நீ "ஆஸ்பத்திரிக்கு வந்ததாலதான் பொழைச்சேன்"னு கணக்கு எழுதிக்கிற.

இப்ப உன் சாமர்த்தியத்தைப் பாராட்டணும். மேம்பாலத்துல ஒரு நாள் படபடப்பு வந்துச்சா? அன்னையிலேர்ந்து மேம்பாலமே வேண்டாம்னு ஊரைச் சுத்திப் போற. லிஃப்டுல வந்துச்சா? அஞ்சாவது மாடிக்கும் படியேறிப் போற, கால் நல்லா இறுகியிருக்கு. மீட்டிங்குல வந்துச்சா? கேமராவை அணைச்சுட்டு உட்கார்ற. போற எடமெல்லாம் ஒரு தண்ணி பாட்டில், சட்டைப் பையில ஒரு மாத்திரை, கல்யாண மண்டபத்துல வாசல் பக்கத்து நாற்காலி. இப்படியே விட்டுக்கிட்டே போனா, கடைசியில உனக்குப் பயமில்லாத இடம்னு மிஞ்சப் போறது உன் வீட்டு பாத்ரூம்தான். அங்கயும் தாழ்ப்பாள் போடாம இருக்கியாமே, உன் பொண்டாட்டி சொன்னா.

அதனாலதான் சொல்றேன், ஒரு ஆளைப் பாரு. நேர்ல போக வெக்கமா இருந்தா வீடியோவுல பாரு. அதுக்கு நீ என்ன சொன்ன? "போன்ல எப்படித் தாத்தா மனசைத் திறந்து பேசறது?" ஏன்டா, நிச்சயதார்த்தத்துக்கும் கல்யாணத்துக்கும் நடுவுல ஆறு மாசம் ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் அந்தப் பொண்ணுகிட்ட போன்ல என்னத்தைத் திறந்துக்கிட்டு இருந்த? துவரம்பருப்பு போன்ல வருது. கரண்ட் பில்லு போன்ல போகுது. ஜாதகமே போன்ல பார்த்த. சனி எந்த வீட்டுல இருக்கான்னு சொல்றவன் முகத்தை நீ இன்னைக்கு வரைக்கும் பார்த்ததில்ல, அவன்கிட்ட உன் பொறந்த நேரம் முதக்கொண்டு குடுத்திருக்க.

காலேஜ் படிக்கிற உன் தங்கச்சிகிட்ட இதைப் பத்திப் படிச்சுச் சொல்லச் சொன்னேன். சுவீடன் நாட்டுல கார்ல்பிரிங்னு ஒரு உளவியல்காரர், கூட்டாளிங்களோட சேர்ந்து, நேர்ல உட்கார்ந்து செய்ற சிகிச்சையையும் இன்டர்நெட் வழியா செய்றதையும் ஒப்பிட்ட 20 ஆய்வுகளைத் திரட்டி 2018-ல எழுதியிருக்காராம். பின்னால ஒரு ஆள் இருந்து வழிகாட்டினா, பலன் ரெண்டுலயும் ஏறக்குறைய ஒண்ணுதானாம். "பின்னால ஆள் இருந்து"ங்கிறதை ரெண்டு தடவை படிக்கச் சொன்னேன். நம்ம நாட்டுலயும், கொரோனா ஊரடங்கு தொடங்கின 2020 மார்ச்சுலேயே டாக்டருங்க தொலைவிலிருந்து பார்க்கிறதுக்கு நெறிமுறை போட்டுட்டாங்க. நீ ஒண்ணும் திருட்டு வேலை செய்யப் போறதில்ல.

எனக்குச் சிரிப்பு வர்றது வேற எதுக்குன்னு சொல்லட்டுமா? இந்த நாட்டுலயே மனசு வைத்தியத்துக்குப் பேர் போன நிம்ஹான்ஸ் எங்க இருக்கு? பெங்களூருல. எந்த ரோட்டுல? ஓசூர் ரோட்டுல! 1974-லேர்ந்து அந்தப் பேர்ல நடக்குது. அதுக்கு முந்தி மைசூர் அரசாங்கத்து மனநல ஆஸ்பத்திரியா இருந்த இடம். டெல்லிக்காரனும் அஸ்ஸாம்காரனும் ரயிலேறி வந்து, நம்ம ஊர் பேரை விலாசத்துல எழுதிச் சீட்டு வாங்குறான். நாம 40 கிலோமீட்டருக்குள்ள உட்கார்ந்துக்கிட்டு "நம்ம பக்கம் வசதி இல்லையே"ங்கிறோம். அப்படின்னு சொன்னாலும் உன் பக்கத்துலயும் நியாயம் உண்டு. எலக்ட்ரானிக் சிட்டியையும் சில்க் போர்டையும் தாண்டிப் போயிட்டு வர்றதுக்குள்ள, பதட்டம் இல்லாதவனுக்கும் வந்துடும். வாரா வாரம் அந்த ட்ராஃபிக்ல போய் "எனக்கு டென்ஷனா இருக்கு"ன்னு சொல்றதுக்கு, வீட்டுல உட்கார்ந்து சொல்றதுதான் புத்தி. அதே நிம்ஹான்ஸ்காரங்க 2015, 16-ல நம்ம தமிழ்நாடு உட்பட 12 மாநிலத்துல கணக்கெடுத்தாங்க. பெரியவங்கள்ல நூத்துக்குப் பத்துப் பேருக்கு மேல ஏதோ ஒரு மனசுத் தொல்லை. இந்தப் பதட்டம், சோர்வு வகையறாவுல பத்துக்கு எட்டுப் பேரு வைத்தியத்துப் பக்கமே வரல. அந்த எட்டுல ஒருத்தனா இருக்கிறதுல உனக்கு என்னடா பெருமை?

சரி, போன்ல பார்க்கிறதுன்னு முடிவு பண்ணிட்டன்னு வை. அங்கதான் கண்ணுல விளக்கெண்ணெய் ஊத்திக்கணும். போன் திறந்தா, வெள்ளைச் சட்டை போட்டுக்கிட்டு, "21 நாளில் பயத்தை வெல்லுங்கள்"னு ஒருத்தன் கண்ணைச் சிமிட்டாம பேசறான். அவன் போன வருஷம் வரைக்கும் பிளாட் வித்துக்கிட்டு இருந்தான், எனக்குத் தெரியும், எனக்கே ஒண்ணு விக்கப் பார்த்தான். அவன்கிட்ட உன் மனசையும் குடுத்து அட்வான்ஸும் குடுக்காத. கிளினிக்கல் சைக்காலஜிஸ்டுன்னு ஒருத்தர் சொன்னா, இந்திய மறுவாழ்வு கவுன்சில் பதிவு எண் இருக்கணும். கேளு. கூச்சப்படாம கேளு. ஆட்டுக்குட்டி வாங்கறப்ப பல்லைப் பிடிச்சுப் பார்க்கிறோம்ல. ஆலோசகர்னு சொல்றவர்கிட்ட என்ன படிச்சீங்க, யார் மேற்பார்வையில பழகினீங்க, பதட்டத்துக்கு என்ன முறையில சிகிச்சை செய்வீங்கன்னு கேளு. நல்லவங்க கோவிச்சுக்க மாட்டாங்க. மாத்திரை எழுதறது எம்.பி.பி.எஸ். படிச்ச டாக்டரோட வேலை, அதுக்கு மேல மனநலம் படிச்சவர்னா இன்னும் நல்லது. முதல் நாளே உன் விலாசத்தையும், அவசரத்துக்கு ஒரு சொந்தக்காரர் நம்பரையும் கேட்டு வாங்கினாங்கன்னா பயப்படாத, அதுதான் முறை தெரிஞ்ச ஆளுக்கு அடையாளம். நம்பர் குடுக்கறப்ப என் நம்பரைக் குடு. உங்க ஆயா நம்பரைக் குடுத்தா, அவ ஆலோசகர்கிட்டயே தன் முட்டி வலியைச் சொல்ல ஆரம்பிச்சுடுவா.

பாஷையும் பாரு. நீ ஆபீஸ்ல இங்கிலீஷ் பேசுவ. உன் பொண்டாட்டிகிட்ட தமிழ். உங்க ஆயா திட்டறது தெலுங்கு. பால்காரன்கிட்ட கன்னடம். இதுல நீ அழுறது எந்த பாஷைன்னு எனக்குத் தெரியும், ஆறு வயசு வரைக்கும் கேட்டிருக்கேன். அந்த பாஷையில பேசற ஆளைத் தேடு. இங்கிலீஷ்ல உட்கார்ந்து உன் அப்பன் மேல இருக்கிற கோவத்தைச் சொன்னியானா, அது ரெண்டு பேருக்கும் மரியாதையா இருக்கும், பிரயோஜனமா இருக்காது.

அப்புறம், எங்க உட்கார்ந்து பேசப் போற? படிச்சவங்க இதை யோசிக்கிறதே இல்ல. "அமைதியான தனியறையில் அமரவும்"னு ஆலோசனை ஆப்புல எழுதியிருக்கான். இவன் நம்ம வீட்டைப் பார்த்ததில்ல. ரெண்டு பெட்ரூம், ஒண்ணுல உங்க அப்பன் நியூஸ் சேனலைக் கத்த விட்டுக்கிட்டுத் தூங்குறான், இன்னொண்ணுல குழந்தை. ஹால்ல உங்க ஆயா பூ கட்டுறா. கை பூ கட்டும், காது உன் பக்கம் இருக்கும். போன வாரம் அந்த ஆப்பை ஒரு தடவை பரீட்சை பார்க்க நீ மொட்டைமாடிக்கு ஏறி, தண்ணித் தொட்டி நிழல்ல உட்கார்ந்து, காதுல எதையோ மாட்டிக்கிட்டு முக்கால் மணி நேரம் கிசுகிசுன்னு பேசின. கொடியில துணி எடுக்க வந்த கீழ் வீட்டம்மா அதைப் பார்த்துச்சு. அந்தம்மா உங்க ஆயாகிட்ட சொல்லிச்சு. உங்க ஆயா உன் பொண்டாட்டிகிட்ட, "இந்தக் காலத்துப் பசங்களை நம்பவே முடியாதும்மா"ன்னு பொதுவா ஒரு வார்த்தை போட்டா. அந்தப் புள்ள ராத்திரி சாப்பிடல. நீ ஒளிச்சு வெச்சது மனசு வைத்தியத்தை. வீட்டுல கிளம்பினது பொம்பள விவகாரம். யோசிச்சுப் பாரு, "என் புருஷன் தெரபிஸ்ட்டுகிட்ட பேசறான்"ங்கிறதை அந்தப் புள்ள எவ்வளவு சந்தோஷமா கேட்டிருக்கும்!

அதனால கட்டினவகிட்ட முதல்ல சொல்லு. அப்புறம் இடம் தானா கிடைக்கும். உன் காரை எடுத்துக்கிட்டு ராமநாயக்கன் ஏரிப் பக்கம் ஓரமா நிறுத்திப் பேசு. வண்டி ஓட்டிக்கிட்டே பேசாத. ஆபீஸ்ல மீட்டிங் ரூம் காலியா இருந்தா, பூட்டிக்கிட்டுப் பேசு. ஒரு வெள்ளைப் பலகையில நாலு அம்புக்குறி போட்டு வெச்சுட்டா எவனும் உள்ள வர மாட்டான். ஒண்ணும் இல்லன்னா என் ரோஜாத் தோட்டத்துக்கு வா. அங்க பசுமைக்குடில் இருக்கு. நெட்டு கிடைக்கும். வெக்கையா இருக்கும், ஆனா மருந்து அடிச்ச வாசனைக்கு உங்க ஆயா உள்ள வர மாட்டா.

பேசிட்டு எழுந்து வந்தா குணமாயிடும்னு நினைச்சுக்காத. அது மந்திரிச்சுக் கயிறு கட்டுற இடம் இல்ல. உங்க ஆயா சொன்னான்னு கயிறும் கட்டிக்கோ, அதுக்கு நான் குறுக்க நிக்கல. வேப்பிலை அடிக்கிறவரும் அரை மணி நேரம் உன் கதையை முழுசா கேட்பாரு, அந்த அரை மணிக்கு ஒரு மதிப்பு உண்டு. ஆனா இந்த ஆலோசகருங்க வீட்டுப்பாடம் குடுப்பாங்கடா. அமெரிக்காவுல ஆரன் பெக்னு ஒரு டாக்டர் 1960-கள்ல ஆரம்பிச்ச முறையாம். என்ன நினைச்ச, அப்ப உடம்பு என்ன செஞ்சுது, அந்த நினைப்புக்கு ஆதாரம் என்ன, எதிர் ஆதாரம் என்னன்னு நோட்டுல எழுதணும். "மேனேஜர் குட் மார்னிங்குக்குப் பதில் சொல்லல, வேலையை விட்டுத் தூக்கப் போறாங்க"ன்னு எழுதுவ. எதிர்ப் பக்கத்துல, "அவர் அன்னைக்கு யாருக்குமே சொல்லல, பல் வலி"ன்னு எழுதுவ. எழுதிப் பார்த்தா உனக்கே வெக்கமா இருக்கும். அந்த வெக்கம்தான் மருந்து.

இன்னொரு பாடம் எனக்கு ரொம்பப் பிடிச்சுது. கவலைப்படுறதுக்குன்னு தினமும் ஒரு நேரம் ஒதுக்கச் சொல்வாங்களாம். சாயங்காலம் 6-லேர்ந்து 6:20. மத்த நேரத்துல கவலை வந்தா "ஆறு மணிக்கு வா"ன்னு சொல்லி ஒரு சீட்டுல குறிச்சு வெச்சுக்கணும். கவலைக்கே டோக்கன்! ஆறு மணிக்கு உட்கார்ந்து பார்த்தா பாதி டோக்கனுக்கு ஆளே வந்திருக்காது. உங்க ஆயாவுக்கு இதைச் சொன்னேன். "அப்ப மத்த நேரத்துல நான் என்னதான் பண்றது?"ன்னு கேட்டா.

கஷ்டமான பாடமும் உண்டு. நீ ஓடி ஒளியற இடத்துக்கே உன்னைத் திரும்பப் போகச் சொல்வாங்க. படிப்படியாத்தான். முதல்ல மேம்பாலத்தைக் கீழ நின்னு பார்க்கிறது. அப்புறம் ஆள் துணையோட ஏறுறது. அப்புறம் தனியா. கடைசியில தண்ணி பாட்டிலைக்கூட வீட்டுல வெச்சுட்டுப் போறது. படபடப்பு வரும். வந்து, உச்சிக்கு ஏறி, இறங்குறதை இந்தத் தடவை நீ உட்கார்ந்து பார்க்கணும். நாலு தடவை பார்த்துட்டா உனக்குள்ள கத்துறவனுக்கே அலுத்துடும். பெரும்பாலும் வாரம் ஒண்ணா பத்துப் பன்னிரண்டு வாரம் ஆகும். மூணாவது வாரத்துல "எனக்குச் சரியாயிடுச்சு தாத்தா"ன்னு ஓடி வருவ. பயத்துக்குப் பயந்துக்கிட்டு நிறுத்துற பயலுங்களும் அப்படித்தான் சொல்வாங்க. நீ நாலாவது வாரமும் போ.

நடு ராத்திரியில அந்த அரட்டை எந்திரத்துகிட்ட கேட்கிறியாமே, "எனக்கு ஒண்ணும் ஆகாதுல்ல?"ன்னு? அது "கவலைப்படாதீங்க, உங்கள் உணர்வு நியாயமானது"ங்குது. நீ மறுபடி கேட்கிற. அது மறுபடி சொல்லுது. அதுக்கு அலுப்பே கிடையாது, அதுதான் கெடுதல். நான்னா மூணாவது தடவை "போய்த் தூங்குடா"ன்னு வைவேன். "ஒண்ணும் ஆகாது"ன்னு யாராவது சொல்லிக்கிட்டே இருக்கணும்னு கேட்கிறது இருக்கே, அதுவும் இந்த வியாதியோட ஒரு கை. ஒவ்வொரு தடவை கேட்டு வாங்கறப்பவும் அடுத்த தடவை கேட்க வேண்டியதாயிடும்.

ஆப்புங்கிறதுல இன்னொரு வில்லங்கம். நீ சொல்றதை அவன் எங்க வெச்சிருக்கான்? அமெரிக்காவுல பெட்டர்ஹெல்ப்புன்னு பெரிய ஆன்லைன் ஆலோசனைக் கம்பெனி. ரகசியம்னு சத்தியம் பண்ணிட்டு, வந்தவங்க விவரத்தை விளம்பரத்துக்காக ஃபேஸ்புக், ஸ்னாப்சாட்டுக்குக் குடுத்துடுச்சுன்னு அந்த நாட்டு வணிக ஆணையம் பிடிச்சுது. 2023-ல 78 லட்சம் டாலர் கட்ட வெச்சாங்க. நம்ம சித்தி பரவாயில்ல, சொன்னா கெலமங்கலத்தோட நிக்கும். அதனால பேரையும் போன் நம்பரையும் தாண்டி ஒரு ஆப்பு எதையெல்லாம் கேட்குதுன்னு பார்த்துக் குடு. உன் போட்டோ ஆல்பமும் போன்ல இருக்கிற ஆளுங்க பேரும் அதுக்கு எதுக்கு?

காசுதானே அடுத்தது? ஒரு தடவைக்கு ஆயிரம், ஆயிரத்தைந்நூறு ஆகும்ங்கிற. உன் கையில இருக்கிற வாட்ச் எத்தனை தடவைக்கு ஆகும்னு கணக்குப் போட்டுப் பாரு. உன் கம்பெனியே ஆளுங்களுக்கு இலவச ஆலோசனை வெச்சிருக்கு, ரகசியமா இருக்கும்னு எச்.ஆர். மெயில் போட்டதா நீதான் சொன்ன. அந்த மெயிலைப் படிச்சே உனக்குப் படபடப்பு வந்துச்சு, அது வேற விஷயம். மனசு வைத்தியத்துக்கும் உடம்பு வைத்தியம் போலவே காப்பீடு தரணும்னு 2017-ல வந்த மனநலச் சட்டம் சொல்லுது. உன் பாலிசியில அது ஆஸ்பத்திரியில படுத்தாத்தானா, பேசிட்டு வர்றதுக்கும் உண்டான்னு படிச்சுப் பாரு. எதுவும் வேண்டாம், முதல்ல யாருகிட்டயாவது வாயைத் திறக்கணும்னா 14416 இருக்கு. டெலிமானஸ்னு பேரு. 2022 அக்டோபர் 10, உலக மனநல நாள் அன்னைக்கு ஆரம்பிச்சாங்க. 24 மணி நேரமும் எடுப்பாங்க, காசு கிடையாது, தமிழ் தெலுங்கு கன்னடம் எல்லாம் பேசுவாங்க. நம்ம அரசாங்கம் அதுக்கு "நட்புடன் உங்களோடு"ன்னு பேரு வெச்சிருக்கு. வாரா வாரம் உட்கார்ந்து செய்ற சிகிச்சை அது இல்ல. ஆனா ராத்திரி ஒன்றரை மணிக்கு எந்திரத்துக்குப் பதிலா ஒரு மனுஷக் குரல் வேணும்னா அங்க இருக்கு. தேவைப்பட்டா டாக்டர்கிட்டயும் அனுப்பி வைப்பாங்க.

அப்புறம் உன் சட்டைப் பையில இருக்கிற மாத்திரை. சிநேகிதன் குடுத்தான், "போட்டா கொஞ்ச நேரத்துல கம்முனு ஆயிடும்"ங்கிற. கம்முனு ஆகும். அல்பிரசோலம் ஜாதி மாத்திரை அப்படித்தான். பழகிட்டா அப்புறம் அது இல்லாம கம்முனு ஆகாது. அதை டாக்டர் சொல்லாம தொடவும் கூடாது, பல நாள் போட்டுட்டுத் திடீர்னு நிறுத்தவும் கூடாது. நாள்பட்ட பதட்டத்துக்கு டாக்டருங்க குடுக்கிற மாத்திரை வேற ஜாதி, அது வேலை காட்ட சில வாரம் ஆகும். அதையும் உன் சிநேகிதன் மெடிக்கல் ஷாப்புல வாங்கித் தர மாட்டான்.

ஒண்ணே ஒண்ணை மட்டும் நான் கேலியா சொல்ல மாட்டேன். ராத்திரியில "போதும், போயிடலாம்"ங்கிற நினைப்பு உனக்கு எப்பவாவது வந்தா, அப்ப ஆப்பும் வேண்டாம், அப்பாயின்மெண்டும் வேண்டாம். 14416-ஐ அடி, இல்லன்னா என்னை எழுப்பு. நான் வண்டி பிடிச்சு உன்னை நேரா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போவேன். ஏன் எதுக்குன்னு ஒரு கேள்வி கேட்க மாட்டேன். சாப்பிட்டியான்னு மட்டும் கேட்பேன்.

உங்க அப்பனைப் பத்தி நீ கவலைப்படாத. "எங்க காலத்துல இதெல்லாம் இருந்துச்சா? ரெண்டு நாள் களை பிடுங்கினா எல்லாம் சரியாயிடும்"னு அவன் சத்தம் போடுவான்தான். அவன் களை பிடுங்கி நான் பார்த்ததில்ல. போன மாசம் அந்த 14416-ஐ ஹால் சுவத்துல, காலண்டர் பக்கத்துல, கரிக்கட்டையால பெருசா எழுதி வெச்சேன். "இது என்னப்பா நம்பர்?"னு கேட்டான். கேபிள்காரன் நம்பர்னு சொல்லி வெச்சேன். முந்தாநேத்து பார்க்கிறேன், சுத்தி முத்தி யாரும் இல்லன்னு நினைச்சுக்கிட்டு அதைத் தன் போன்ல ஏத்திக்கிட்டு நிக்கிறான். நம்ம வீட்டுல கேபிள் எடுத்து நாலு வருஷம் ஆச்சு.